புதியவர் கைக்குச் சின்னத் துப்பாக்கியா?

அமெரிக்காவில் உடைக்குள் மறைத்து வைத்துக்கொள்ள முதன்முதலாகக் கைத்துப்பாக்கி வாங்கப் போகிறவருக்குக் கடைக்காரரும் உறவினரும் சொல்லும் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: இருப்பதிலேயே சிறியதாக, எடை குறைந்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். இடுப்பில் உறுத்தாது, சட்டைக்கு மேல் புடைத்துத் தெரியாது, கையில் எடுத்தால் மிரட்டாது. ஆகவே புதியவருக்கு அதுதான் வசதி என்பது இந்த யோசனையின் நியாயம். வாங்குபவர் பெண்ணாகவோ முதியவராகவோ இருந்துவிட்டால் பேச்சே இல்லை. ஐந்து தோட்டா கொள்ளும் குட்டைக்குழல் ரிவால்வரோ, கால்சட்டைப் பைக்குள் அடங்கும் .380 பிஸ்டலோ கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியே வந்துவிடும்.

இந்த யோசனை தவறு. இது வசதியை இடுப்பில் வைத்து அளக்கிறது; அளக்க வேண்டிய இடம் கை. சுமக்க எளிதாக இருக்கட்டும் என்று துப்பாக்கியிலிருந்து குறைக்கப்படும் ஒவ்வொரு கிராமும், ஒவ்வொரு சென்டிமீட்டரும் சுடும்போது கையின் மேல் சுமையாக ஏறுகிறது. அந்தச் சுமையைத் தாங்கும் பழக்கம் பல ஆண்டு சுட்டவரிடம் இருக்கலாம், புதியவரிடம் இருக்க வழியில்லை. அவருக்கு மிகச் சிறியதை முதல் துப்பாக்கியாகக் கொடுப்பது அவரைப் பயிற்சியிலிருந்து விரட்டுகிறது. ஒருநாள் சுட நேர்ந்தால் சுற்றி நிற்பவர்களையும் ஆபத்தில் தள்ளுகிறது.

இந்தத் துப்பாக்கிகள் பிறந்த கதையே கடைக்காரரின் யோசனைக்கு எதிர்சாட்சி. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1950-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் கூடிய காவல்துறைத் தலைவர்கள் மாநாட்டில் ஒரு குட்டை ரிவால்வரை அறிமுகப்படுத்தியது. 'சீஃப்ஸ் ஸ்பெஷல்' என்ற பெயரே அது யாருக்காக வந்தது என்பதைச் சொல்கிறது. பின்னாளில் மாடல் 36 என்று அழைக்கப்பட்ட அந்த .38 ஸ்பெஷல் ரிவால்வர், சாதாரண உடையில் வேலை பார்க்கும் துப்பறிவாளர்களுக்கும், இடுப்பில் இருக்கும் பெரிய ரிவால்வருக்குத் துணையாக இன்னொன்று வைத்துக்கொள்ள விரும்பிய காவலர்களுக்கும் உரியதாக இருந்தது. பெரிய துப்பாக்கியில் ஆண்டுக்கணக்கில் பழகிய கைகள் அவை. அப்போதும் அது உருக்கால் ஆனது. வெறுமையாகவே சுமார் 550 கிராம். அலுமினியக் கலவைச் சட்டகம் அதே வடிவத்தை 425 கிராம் அளவுக்குக் கொண்டுவந்தது. ஸ்காண்டியம் கலந்த சட்டகம் 340 கிராமுக்கும் இறக்கியது. ஒவ்வொரு இறக்கத்திலும் துப்பாக்கி புதியவரை விட்டு விலகிப் போக, விளம்பரம் மட்டும் அதைப் புதியவரின் பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்தது.

சட்டமும் தன் பங்கைச் செய்தது. 1987-இல் புளோரிடா மாநிலம், தகுதியுள்ளவர் கேட்டால் மறைத்துச் செல்லும் உரிமத்தை மறுக்க முடியாத வகையில் சட்டம் இயற்றியபின் மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. 1994 முதல் 2004 வரை நடப்பில் இருந்த கூட்டாட்சித் தடை புதிய மகசின்களைப் பத்துத் தோட்டாவோடு நிறுத்தியது. பத்துதான் கொள்ளும் என்றால் துப்பாக்கி ஏன் பெரிதாக இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் சிறு வடிவங்களின் பக்கம் திரும்பினர். 2008-இல் ரூகர் நிறுவனம் வெளியிட்ட எல்சிபி, .380 தோட்டாவைச் சுடும் பிஸ்டலை 270 கிராமுக்குள் அடக்கிவிட்டது. 2022-இல் நியூயார்க் சம்பந்தப்பட்ட புரூவன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தனித் தேவையை நிரூபித்தால்தான் உரிமம் என்ற பழைய முறையை வீழ்த்தியது. 2024-க்குள் 29 மாநிலங்களில் உரிமமே இல்லாமல் மறைத்து எடுத்துச் செல்லலாம் என்ற நிலை வந்துவிட்டது. உரிமத்தோடு ஒட்டியிருந்த வகுப்பும் சுடும் தேர்வும் அங்கெல்லாம் கட்டாயமில்லை. புதியவருக்கு வாய்க்கும் ஒரே ஆசான் விற்பனை மேசைக்குப் பின்னால் நிற்பவராக இருக்கக்கூடும் என்பதால்தான் அவர் சொல்லும் யோசனையை இவ்வளவு கடுமையாக மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் உதைப்பு. குண்டு முன்னே போகும்போது அதற்கு ஈடான உந்தம் துப்பாக்கியைப் பின்னே தள்ளுகிறது. சிறு பரிசலிலிருந்து கரைக்குத் தாவினால் பரிசல் பின்னால் வழுக்கி ஓடும். பெரிய படகிலிருந்து தாவினால் அது அசைவதே தெரியாது. உந்தம் மாறாமல் இருக்கையில் உதைப்பின் ஆற்றல் துப்பாக்கியின் எடைக்குத் தலைகீழ் விகிதத்தில் மாறும். எடை பாதியானால் ஆற்றல் இரட்டிப்பு. ஐந்து தோட்டாவும் நிரம்பிய நிலையில் உருக்கு மாடல் 36 சுமார் 630 கிராம், அலுமினிய வகை 500 கிராம், ஸ்காண்டிய வகை 410 கிராம். அதே தோட்டாவைச் சுட்டால் உருக்கை விட அலுமினியம் கால் பங்கு கூடுதலாக உதைக்கும். ஸ்காண்டியம் பாதிக்கு மேல் கூடுதலாக உதைக்கும். ஸ்காண்டிய வகையில் .357 மேக்னம் தோட்டாவும் போடலாம். அப்படிப் போட்டால் உருக்கு ரிவால்வரில் சாதாரண .38 தோட்டா தரும் உதைப்பைப்போல் மூன்று மடங்கைத் தாண்டிவிடும். அதைச் சுடுவது தேர்ந்தவருக்கே வேதனை.

.380 பிஸ்டலைப் பற்றிய நம்பிக்கை இதைவிட வலுவானது. தோட்டா சிறிது, ஆகவே உதைப்பும் சிறிது என்று சொல்லப்படுகிறது. ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1908-இல் கோல்ட் நிறுவனம் வெளியிட்ட அந்தத் தோட்டா 9 மி.மீ. பாரபெல்லத்தை விட மென்மையானது என்பது உண்மை. ஆனால் தோட்டா தனியாகச் சுடுவதில்லை. நிரம்பிய எல்சிபி சுமார் 330 கிராம். நடுத்தர அளவு 9 மி.மீ. பிஸ்டலான க்ளாக் 19 நிரம்பிய நிலையில் சுமார் 855 கிராம். கணக்குப் போட்டால், 9 மி.மீ. சுடும் க்ளாக்கை விட .380 சுடும் எல்சிபி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகத்தில் கையை நோக்கிப் பாய்கிறது. அதையும் அகலமான பிடி வாங்கிக்கொண்டு உள்ளங்கை முழுதும் பரப்பிக் கொடுப்பதில்லை. மெல்லிய பிடி, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள சதையில் குவித்து அடிக்கிறது. சுண்டுவிரலுக்கு அந்தப் பிடியில் இடமே இல்லை.

.380-இல் இன்னொரு வகையும் உண்டு. வால்தர் பிபிகே போன்ற பழைய வடிவங்களில் சுடும் கணத்தில் குழலும் அதன்மேல் முன்பின்னாக நகரும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வதில்லை. ஸ்லைடின் எடையும் சுருள்வில்லின் இறுக்கமும் மட்டுமே வெடிப்பை எதிர்த்து நிற்கின்றன. அதனால் வில் தடிப்பாக இருக்கும். ஸ்லைடை இழுப்பதும் கடினம், உதைப்பும் வெடுக்கென்று இருக்கும். விரல் வலுவில்லாதவருக்கு .380 நல்லது என்று சொல்லி இப்படியொன்றைக் கையில் கொடுப்பது அடிக்கடி நடக்கிறது. பூட்டு அமைப்புள்ள 9 மி.மீ. பிஸ்டலின் ஸ்லைடு பல சமயம் இதைவிட எளிதாக இழுபடும்.

உதைப்பின் தீங்கு வலியோடு முடிவதில்லை. கைத்துப்பாக்கியின் ஓசை 140 டெசிபெலுக்கு மேல். குழல் குட்டையானால் தீச்சுடரும் அதிர்வும் முகத்துக்கு இன்னும் அருகில். சில முறை அடிபட்ட உடல் அடுத்த அடிக்குத் தானாகவே தயாராகிறது. வெடிப்பதற்கு ஒரு கணம் முன்பே மணிக்கட்டு முன்னோக்கிக் கவிழ்கிறது, கண் மூடுகிறது, குண்டு இலக்குக்குக் கீழே போய் விழுகிறது. பயிற்றுநர்கள் இதைக் கண்டுபிடிக்க மாணவருக்குத் தெரியாமல் உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே போலித் தோட்டா ஒன்றைச் செருகி வைப்பார்கள். வெடிக்காத அந்த முறையில் துப்பாக்கியின் மூக்கு சடாரென்று கீழே இறங்குவது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். இந்த வழக்கம் ஒட்டிக்கொண்டால் உதற மாதங்கள் பிடிக்கும். தொடக்கத்திலேயே இதை ஊட்டிவிட மிகச் சிறிய துப்பாக்கியை விடத் தோதான கருவி இல்லை. அதை விட மோசமான விளைவு, புதியவர் சுடுதளத்துக்கே போகாமல் நின்றுவிடுவது. ஒரு பெட்டித் தோட்டாவைச் சுட்டு முடிப்பதற்குள் உள்ளங்கை சிவந்து போகிறவர் அடுத்த வாரம் எதற்காக வருவார்? துப்பாக்கி அலமாரியிலோ கைப்பையிலோ தங்கிவிடுகிறது. அதை வைத்திருப்பதே பாதுகாப்பு என்ற நினைப்பு மட்டும் மிஞ்சுகிறது.

உதைப்பு தெரியும் குறை. விசையின் இறுக்கம் தெரியாத குறை. சுத்தியல் உள்ளே ஒளிந்திருக்கும் சின்ன ரிவால்வரில் விசையை ஒவ்வொரு முறையும் முழுத் தூரமும் இழுத்தாக வேண்டும். அதற்குச் சுமார் 12 பவுண்டு, அதாவது ஐந்தரைக் கிலோ அளவுக்கு அழுத்தம் தேவை. துப்பாக்கியின் எடையோ அரைக் கிலோ. தன் எடையைப்போல் பதினொரு மடங்கு அழுத்தத்தை ஒரு விரல் செலுத்தும்போது அந்தத் துப்பாக்கி அசையாமல் நிற்க வேண்டும் என்றால் மற்ற விரல்கள் அவ்வளவு உறுதியாக அதைப் பற்றியிருக்க வேண்டும். பற்றுவதற்கோ பிடி போதவில்லை. க்ளாக் 19-இல் விசையின் இறுக்கம் இரண்டரைக் கிலோ அளவு, துப்பாக்கி அதைப்போல் மூன்றில் ஒரு பங்கு எடை. பிடியில் மூன்று விரலும் அமரும்.

குறிபார்க்கும் தூரமும் அப்படித்தான். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி சின்னத் துப்பாக்கியில் ஏறத்தாழ 10 செ.மீ., நடுத்தர பிஸ்டலில் 15 செ.மீ. முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால் ஏழு மீட்டர் தொலைவில் முதலாவதில் 7 செ.மீ. பிழை, இரண்டாவதில் 5 செ.மீ.க்குள். கை நடுங்கும் நேரத்தில் விலகல் ஒரு மில்லிமீட்டரோடு நிற்காது. போதாததற்குச் சின்னத் துப்பாக்கிகள் பலவற்றில் முன்குறி என்பது உடையில் மாட்டக் கூடாது என்பதற்காகத் தேய்த்துவிடப்பட்ட ஒரு மேடு மட்டுமே.

இவ்வளவையும் கேட்டபின் சின்னத் துப்பாக்கியின் ஆதரவாளர் வழக்கமாகச் சொல்லும் பதில்: தற்காப்பு இரண்டு மூன்று மீட்டர் தொலைவில் நடக்கிற சங்கதி, அங்கே குறியும் வேண்டாம், துல்லியமும் வேண்டாம். இது மனத்தைத் தேற்றும் பேச்சு. கைத்துப்பாக்கியை அன்றாடம் சுமக்கும் நியூயார்க் நகரக் காவல்துறையைப் பற்றி ரேண்ட் நிறுவனம் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, 1998 முதல் 2006 வரையிலான துப்பாக்கிச் சண்டைகளில் காவலர்கள் சுட்டவற்றில் சராசரி 18 சதவீதமே இலக்கைத் தொட்டன என்று காட்டியது. பயிற்சி பெற்றவர்கள், முழு அளவுத் துப்பாக்கி வைத்திருந்தவர்கள். அவர்களுடைய பிஸ்டல்களில் விசை வேண்டுமென்றே சுமார் 12 பவுண்டு இறுக்கத்துக்கு மாற்றப்பட்டிருந்தது. இலகுவான விசையைச் சோதித்துப் பார்க்கலாம் என்பது அந்த ஆய்வின் பரிந்துரைகளுள் ஒன்று. காவலர்களுக்கே மிகுதி என்று தோன்றிய அந்த இறுக்கத்தைத்தான், அவர்களுடையதை விட வெகு இலேசான துப்பாக்கியில், கடைக்காரர் புதியவருக்குப் பொருத்தம் என்கிறார்.

இலக்கைத் தொடாத குண்டு மாயமாய் மறைவதில்லை. அது வாகன நிறுத்தத்தின் மறுகோடியில் நிற்பவரையோ, பக்கத்து வீட்டுச் சுவருக்குப் பின்னால் தூங்குபவரையோ தேடிப் போகும். அதற்குச் சுட்டவர்தான் பொறுப்பு. டெக்சாஸ் மாநிலம் உரிமம் கேட்பவருக்கு வைக்கும் தேர்வில் ஐம்பது தோட்டாவை மூன்று, ஏழு, பதினைந்து கஜத் தொலைவுகளிலிருந்து சுட வேண்டும். கடினமான தேர்வு அல்ல. ஆனால் பதினைந்து கஜம் என்ற ஒன்றை அது வைத்திருக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் மட்டுமே துப்பாக்கி பேசும் என்று அந்த மாநிலம் நம்பவில்லை.

ரிவால்வர் எளிது, அதில் கோளாறு வராது என்ற வாதத்தில் பாதி உண்மை உண்டு. மகசின் இல்லை, ஸ்லைடு இல்லை, தோட்டா வெடிக்காமல் போனால் மறுபடி விசையை இழுத்தால் அடுத்தது வந்து நிற்கும். இயக்கம் எளிது என்பதால் சுடுவதும் எளிது என்று கொள்வதுதான் பிழை. தவிர, மிக இலேசான ரிவால்வரில் உதைப்பே புதுக் கோளாறு ஒன்றை உண்டாக்கும்: அடுத்த அறைகளில் இருக்கும் தோட்டாக்களின் குண்டுகள் பின்னடிப்பின் வேகத்தில் உறையிலிருந்து முன்னே நழுவி வந்து உருளையைச் சுழல விடாமல் நிறுத்திவிடலாம். மிகச் சிறிய பிஸ்டலிலும் தொல்லை உண்டு. அது சரியாக இயங்க மணிக்கட்டு உறுதியாக நிற்க வேண்டும். தளர்ந்த பிடியில் ஸ்லைடு முழுத் தூரம் பின்னே போகாமல் காலி உறை சிக்கிக்கொள்ளும். உறுதியான பிடி இல்லாதவர் யார் என்றால், புதியவர்.

மறுகோடியில் இன்னொரு நம்பிக்கை நிற்கிறது: சிறியதை விடுங்கள், .45 போன்ற பெரிய தோட்டாதான் ஆளை நிறுத்தும் என்பது. புதியவர் நலனுக்கு இதுவும் அதே அளவு பகை. 1986 ஏப்ரல் 11-ஆம் தேதி மியாமியில் எஃப்.பி.ஐ. முகவர்களுக்கும் இரண்டு வங்கிக் கொள்ளையர்களுக்கும் நடந்த மோதலில் இரண்டு முகவர்கள் இறந்தனர், ஐந்து பேர் காயமடைந்தனர். கொள்ளையரில் ஒருவர் மேல் தொடக்கத்திலேயே பாய்ந்த 9 மி.மீ. குண்டு இதயத்தை எட்டாமல் நின்றுபோனது. அதன் பிறகு எஃப்.பி.ஐ. 10 மி.மீ. தோட்டாவை நாடியது, அது முகவர்கள் பலருக்குக் கட்டுக்கடங்காததாக இருந்ததால் அதைத் தணித்து 1990-இல் .40 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் பிறந்தது. கால் நூற்றாண்டு கழிந்தபின் அதே அமைப்பு 9 மி.மீ.க்குத் திரும்பிவிட்டது. 2014-இல் அதன் பயிற்சிப் பிரிவு சொன்ன காரணங்களில் இரண்டு இங்கே முக்கியம்: புதிய துளைமுனைக் குண்டுகளில் 9 மி.மீ.க்கும் பெரியவற்றுக்கும் காயப்படுத்தும் திறனில் கருதத்தக்க வேறுபாடு இல்லை, 9 மி.மீ. கொடுத்தால் பெரும்பாலோர் வேகமாகவும் துல்லியமாகவும் சுடுகிறார்கள். உடல் தகுதியும் ஓயாத பயிற்சியும் உள்ளவர்களின் அமைப்பே கையின் வசதியை முன்வைத்து முடிவு செய்திருக்கிறது. அது உதைப்பைக் குறைக்கத் தோட்டாவை மாற்றியது, துப்பாக்கியைச் சுருக்கவில்லை.

சின்னத் துப்பாக்கியின் ஆதரவாளர் சொல்வதில் முழுதும் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. இடுப்பில் குத்தும் துப்பாக்கி நாளடைவில் வீட்டிலேயே தங்கிவிடும். 'கொஞ்சம் கஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்' என்று பழைய சுடுநர்கள் உபதேசிப்பதால் அது மாறப்போவதில்லை. ஆனால் குத்துவது பெரும்பாலும் துப்பாக்கி அல்ல, அதைத் தாங்கும் உறையும் பெல்ட்டும். துணி உறையையும் தொளதொளத்த பெல்ட்டையும் வைத்துக்கொண்டு 850 கிராமைச் சுமந்தால் அது தொங்கும், சாயும், எலும்பில் இடிக்கும். விறைப்பான பெல்ட்டும் உடம்போடு ஒட்டி நிற்கும் உறையும் அமைந்தால் அதே எடை இடுப்பைச் சுற்றிப் பகிர்ந்துவிடும்.

மறைவதற்கும் அளவுக்கும் உள்ள தொடர்பும் கடைகளில் தவறாகவே சொல்லப்படுகிறது. கால்சட்டைக்குள் அணியும் உறையில் குழல் பெல்ட்டுக்குக் கீழே போய்விடுகிறது. அது 5 செ.மீ. ஆனாலும் 10 செ.மீ. ஆனாலும் வெளியே தெரியாது. சட்டையில் புடைத்துக் காட்டிக்கொடுப்பது பிடியின் அடிப்பாகம். ஆகவே குழலைக் குறைப்பதால் மறைவு கூடுவதில்லை. வயிற்றுக்கு முன்புறம் அணிபவருக்குச் சற்று நீண்ட குழல் நன்மையே செய்கிறது: கீழ்ப்பகுதி தொடையில் படிந்து நிற்க, மேலே இருக்கும் பிடி வெளிப்புறமாகச் சாயாமல் உடம்பை ஒட்டுகிறது. கைடெக்ஸ் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக்கால் ஆன உறைகளில் பெல்ட்டின் உட்புறத்தை அழுத்தும் சிறு இறக்கை ஒன்று இருக்கும். அது பிடியை வயிற்றின் பக்கமாகத் திருப்பும். உறையின் கீழ்ப்புறத்தில் ஒட்டும் மென்மையான ஆப்பு ஒன்றும் அதே வேலையைச் செய்யும். இந்தச் சிறு துண்டுகளுக்கு ஆகும் செலவு துப்பாக்கி விலையின் முன் ஒன்றுமில்லை. இவை மறைக்கும் அளவுக்கு, துப்பாக்கியை ஒரு படி சிறியதாக வாங்குவது மறைப்பதில்லை. உறை எதுவானாலும் விசைக்கூட்டை முழுதும் மூட வேண்டும், வெளியிலிருந்து எதுவும் விசையைத் தொடாதபடி கெட்டியாக இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

சிறியது என்பதாலேயே துப்பாக்கி உடம்பை விட்டுக் கைப்பைக்குப் போய்விடுவதும் உண்டு. 2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோ மாநிலம் ஹேடன் நகரத்துக் கடையொன்றில், தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை தாயின் கைப்பையிலிருந்து துப்பாக்கியை எடுத்தது. அது வெடித்துத் தாய் இறந்தார். துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி அறை தைத்த பை அது. கைப்பையைக் கீழே வைக்கிறோம், நாற்காலியில் மாட்டுகிறோம், திருடனும் முதலில் பறிப்பது அதைத்தான். வசதி என்ற பெயரில் இந்த இடத்தைப் பரிந்துரைப்பவர்கள் அந்தக் கடையில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பெண்களுக்கு என்று தனியாகச் சொல்லப்படும் யோசனை இந்தத் தவறுகள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டித் தருகிறது. சின்னக் கை, ஆகவே சின்னத் துப்பாக்கி. இந்தியாவிலும் இதன் சாயல் உண்டு. கான்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை 2014-இல் பெண்களுக்கு என்று வெளியிட்ட 'நிர்பீக்' ரிவால்வரின் முதல் பெருமையாகச் சொல்லப்பட்டது 500 கிராம் எடைதான். அதன் .32 தோட்டா மிக மென்மையானது என்பதால் அந்த எடையால் கைக்குப் பெரிய துன்பமில்லை. அமெரிக்கக் கடைகளில் இளஞ்சிவப்புப் பிடி போட்டு விற்கும் .38 ரிவால்வர்களுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. சின்னக் கைக்குத் தேவை குறுகிய பிடியும் விசைவரை எட்டும் தூரக் குறைவும். எடைக் குறைவு வேறு விஷயம். உள்ளங்கையின் மேற்சதை பிடியின் உச்சியில் அமர்ந்து, குழலும் முன்கையும் ஒரே கோட்டில் இருக்க, சுட்டுவிரலின் நுனிச்சதை விசையின் நடுவில் படிந்தால் துப்பாக்கி கைக்குப் பொருந்துகிறது. விசையை எட்டுவதற்காகப் பிடியைச் சுற்றி நகர்த்த வேண்டியிருந்தால் பொருந்தவில்லை. இன்றைய நடுத்தர பிஸ்டல்கள் பலவற்றில் பிடியின் பின்பக்கத்தை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். க்ளாக் 2010 முதல் இந்த வசதியைத் தருகிறது. ஸ்லைடை இழுக்க முடியவில்லை என்பதற்கும் காரணம் பல சமயம் விரல் வலு அல்ல, முறை. கட்டைவிரலும் சுட்டுவிரலும் கொண்டு கிள்ளி இழுத்தால் யாருக்கும் கடினம். துப்பாக்கியை மார்புக்கு அருகில் கொண்டுவந்து, மூக்கைப் பாதுகாப்பான திசையில் வைத்து, இடக்கை முழுதும் ஸ்லைடைக் கவ்வ, வலக்கை பிடியை முன்னே தள்ளினால் தோளின் வலு வேலை செய்யும்.

முறை கற்றும் முடியாதவர்கள் உண்டு. மூட்டுவாதத்தால் விரல் மடங்காதவர்கள், முதியவர்கள். அவர்களுக்காகவே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2018-இல் ஷீல்டு ஈஸி என்ற .380 பிஸ்டலையும், பின்னர் அதன் 9 மி.மீ. வடிவத்தையும் கொண்டுவந்தது. .380 வடிவம் 500 கிராமைத் தாண்டிய எடை, பூட்டிக்கொள்ளும் குழல், இளகிய வில், முழுக் கையும் அமரும் பிடி. .380 என்ற தோட்டா உண்மையில் மென்மையாவது இப்படியொரு துப்பாக்கிக்குள்தான். கைக்கடக்கமாகச் செய்வதற்கு நேர் எதிர்த்திசையில் போனதால்தான் அது சுட எளிதாயிற்று.

மற்றப் புதியவர்கள் தேட வேண்டிய இடம் 500 முதல் 700 கிராம் வரை எடையுள்ள 9 மி.மீ. பிஸ்டல்கள். சிறியது, பெரியது என்ற பழைய பிரிவு இந்த இடத்தில் பொருளிழந்துவிட்டது. 2018-இல் சிக் சாவர் வெளியிட்ட பி365, உள்ளங்கை அளவு பிஸ்டலின் மகசினில் பத்துத் தோட்டாவை அடுக்கியது. அடுத்த ஆண்டே அதன் சற்று நீண்ட வடிவமான எக்ஸ்எல் வந்தது. அதே 2019-இல் வந்த க்ளாக் 43எக்ஸ், ஒல்லியான ஸ்லைடோடு முழு நீளப் பிடியைச் சேர்த்தது. இவற்றில் மிகச் சிறிய பி365-ஐ விட எக்ஸ்எல் போன்ற ஒரு படி பெரியதே புதியவருக்கு ஏற்றது. இடுப்பில் உணரும் வேறுபாடு சொற்பம், கையில் உணரும் வேறுபாடு அதிகம். கனத்த உடம்பு, தளர்ந்த உடை உள்ளவருக்கு க்ளாக் 19 அளவும் மறையும். 9 மி.மீ. தோட்டா பொதுவாக .380-ஐயும் .38 ஸ்பெஷலையும் விட மலிவு என்பதால் அதே பணத்தில் கூடுதலாகப் பழகலாம். மாதம் ஒருமுறைகூடச் சுடுதளம் போக முடியாதவர் துப்பாக்கி எடுத்துச் செல்வதையே தள்ளிப்போடுவது நல்லது.

வாங்குவதற்குமுன் சுட வேண்டும். அமெரிக்கச் சுடுதளங்கள் பலவற்றில் வாடகைக்குத் துப்பாக்கி கிடைக்கும். கடையில் கையில் எடுத்துப் பார்ப்பது பிடியின் பொருத்தத்தைச் சொல்லும், உதைப்பைச் சொல்லாது. முற்றிலும் புதியவர் .22 பிஸ்டலில் தொடங்கி விசையை ஒழுங்காக இழுக்கக் கற்றபின், இரண்டு மூன்று 9 மி.மீ. பிஸ்டல்களை ஒரே நாளில், ஒரே தொலைவில் சுட்டுப் பார்க்கலாம். முதல் பத்துத் தோட்டாவை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஐம்பதாவது தோட்டாவுக்கு அருகில் தாளில் துளைகள் விரிகின்றனவா, இன்னும் நெருங்கியே விழுகின்றனவா என்று பார்க்க வேண்டும். விரிந்தால் கை களைத்துவிட்டது, அல்லது அடியை எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டது. விரியாத துப்பாக்கியை, கடைக்காரர் பெரியது என்று முகம் சுளித்தாலும், எடுத்துக்கொண்டு மீதிப் பணத்தை உறைக்கும் பெல்ட்டுக்கும் செலவழிக்கலாம்.

சின்னத் துப்பாக்கிக்கும் இடமுண்டு. வேலையின் உடுப்பு எதையும் இடுப்பில் அணிய விடாதபோது, உட்கார்ந்தே இருக்கும்போது, குளிர்காலக் கோட்டுப் பையில் கை வைத்தபடி நடக்கும்போது ஐந்து தோட்டா ரிவால்வர் வேறெதையும் விடத் தோதானது. நடுத்தர பிஸ்டலில் ஓரிரு ஆண்டு பழகியபின் அதை வாங்குபவர் உருக்குச் சட்டகத்தைத் தேர்ந்து, தட்டைமுனை கொண்ட 148 கிரெயின் .38 வாட்கட்டர் தோட்டாவைப் போட்டுச் சுடலாம். சின்ன ரிவால்வர்களில் மிக மென்மையாக உதைக்கும் தோட்டாக்களில் அது ஒன்று. சுடுபவர் தன் விசைப் பழக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் ஒரு பெட்டியை முடிக்க அது இடம் கொடுக்கும்.